கதவோரச் சுவிட்சும் எதிர்ச்சுவர் பிளக் பாயிண்டும்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோயிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஹாலில் கதவோரம் இருக்கும் சுவிட்ச், கூரை நடுவில் உள்ள விளக்குக்கு உரியது. அந்த விளக்கை யாரும் போடுவதில்லை. எதிர்ச்சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட்கள் இருக்கின்றன. ஒன்றில் நிற்கும் விளக்கு, மற்றதில் டி.வி. கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அந்த இரண்டையும் இந்தச் சுவிட்சால் இயக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோ ஒன்றில் இதைப் பத்து நிமிடத்தில் செய்து காட்டுகிறார்கள், நானே செய்துகொள்ளலாமா?

கேள்வி சுவிட்சைப் பற்றியது போலத் தெரிந்தாலும், நீங்கள் கேட்டிருப்பது வேறு. ஒரு விளக்குக்காக என்றோ இழுத்த வயர், பிளக் பாயிண்டின் வேலையைத் தாங்குமா, அந்த வேலைக்கு வேண்டிய எல்லா வயரும் அங்கே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முடியுமா என்றால் முடியும். சுவிட்சுக்குத் தனக்குப் பின்னால் தொங்குவது விளக்கா பிளக்கா என்று தெரியாது. ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு இருபது வருடங்களுக்கு மேலாக ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் வீட்டு வயரிங் செய்துவருகிறேன். இந்த வேலையில் சுவிட்ச் தப்பாகிப் போனதை அரிதாகவே பார்த்திருக்கிறேன். நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர், தப்பாகிப் போனதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் அந்த வீடியோவை ஓரமாக வையுங்கள். அது அமெரிக்க வீடாக இருந்தால், அங்கே பிளக் பாயிண்டுகளுக்குப் பக்கத்தில் நம் வீட்டில் இருப்பது போலத் தனிச் சுவிட்ச் இருக்காது. கூரை விளக்குக்குப் பதிலாக, சுவர்ச் சுவிட்சால் இயங்கும் ஒரு பிளக் பாயிண்டை அறையில் வைத்துக்கொள்ள அங்குள்ள விதி இடம் கொடுக்கிறது. அதனால்தான் அது அங்கே சாதாரண வேலை. மின்னழுத்தம் அங்கே 120 வோல்ட், நமக்கு 230. இதையெல்லாம் விட ஆபத்தானது வயரின் நிறம். அங்கே கறுப்பு வயர் பேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர்; வெள்ளை நியூட்ரல். நம் வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வீடியோவில் "கறுப்பைச் சுவிட்சில் மாட்டுங்கள்" என்பதைக் கேட்டு நம் வீட்டில் கறுப்பைச் சுவிட்சில் மாட்டினால், சுவிட்ச் நியூட்ரலைத்தான் அறுக்கும். விளக்கு அணைந்துவிடும், பிளக் துளையிலும் நிற்கும் விளக்கின் ஹோல்டரிலும் பேஸ் அப்படியே நிற்கும். அணைத்தாயிற்று என்று நம்பிப் பல்பைக் கழற்றுபவரின் விரலுக்கு அது தெரியும்.

இப்போது உங்கள் கதவோரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அந்தச் சுவிட்சின் இரண்டு திருகுகளில் இரண்டு வயர்கள் இருக்கும். ஒன்று பேஸ், ஒன்று நியூட்ரல் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டுமே பேஸ் வழியில் வருபவை: ஒன்று உள்ளே வரும் பேஸ், மற்றது சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் ரிட்டர்ன். இந்த இரண்டையும் பிடித்து ஒரு பிளக் சாக்கெட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்பதைப் பெருந்துறை அருகே ஒரு வீட்டில் பார்த்தேன். கூரையில் அறுபது வாட் குண்டு பல்பு. கீழே புதிதாக வைத்த சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் கூரை பல்பு பளிச்சென்று எரிகிறது. பெட்டி சூடாகவே இல்லை. பல்பைக் கழற்றினால் சாக்கெட் செத்துவிடுகிறது. சாக்கெட்டும் பல்பும் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டதன் விளைவு. பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்கு இரண்டு முறை தூக்கிப் போயிருக்கிறார்கள்.

ஆக, பிளக் பாயிண்டுக்கு மூன்று வயர் வேண்டும்: சுவிட்ச் வழியாக வந்த பேஸ், நியூட்ரல், எர்த். நம் ஊரில் போர்டிலேயே ஒரு ஐந்து ஆம்பியர் சாக்கெட்டும் சேர்த்து வைக்கும் பழக்கம் இருப்பதால், பெரும்பாலான போர்டுகளில் நியூட்ரலும் வந்திருக்கும். கதவோரம் ஒற்றைச் சுவிட்ச் மட்டும் இருக்கும் பெட்டியில், அதுவும் மரப்பட்டி வயரிங் செய்த பழைய ஓட்டு வீட்டில், நியூட்ரல் மேலேயே விளக்குக்கு நேராகப் போயிருக்கும், கீழே இறங்கியிருக்காது. உங்கள் பெட்டியில் எது நடந்திருக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். வீடு கட்டிய ஆண்டை வைத்துக் கணிக்கலாம். அந்தக் கணிப்பை நம்பித் திருகைத் தொடக் கூடாது.

நியூட்ரல் இல்லை என்றதும் கை பச்சை வயரைத் தேடிப் போகும். எர்த்தை நியூட்ரலாக வைத்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும். அதுதான் அதில் உள்ள வஞ்சகம். வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் விழுந்துவிடும், அது இருப்பதே இதற்காகத்தான். பேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் வீட்டை அணைத்துவிடும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில்தான் இந்தத் தவறு வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். காங்கேயம் பக்கம் பாறையும் சரளையுமான பூமியில், சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும். அந்தக் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தை நியூட்ரலாக வைத்த பிளக்கில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால், அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். 230 வோல்ட் இந்த இரண்டுக்கும் பங்காகப் பிரியும். எர்த் வயரில் மட்டும் 63 வோல்ட் நிற்கும். அந்த எர்த்தில் கட்டியிருக்கும் கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் தகட்டிலும் அதே 63 வோல்ட். ஹாலில் ஒருவர் சட்டைக்கு இஸ்திரி போடும்போது சமையலறையில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கிறது. கிரைண்டரில் கோளாறு என்று மோட்டாரைப் பிரித்துக் காயில் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பக்கத்துப் போர்டிலிருந்து ஒரு நியூட்ரலைக் கடன் வாங்கலாமே என்பீர்கள். எர்த்தை அப்படி அருகில் உள்ள போர்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அது வீட்டுக்குப் பொதுவானது. நியூட்ரல் அப்படியில்லை. எந்த எம்.சி.பி.யிலிருந்து (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே விழுந்து அந்த வழியை அணைக்கும் சுவிட்ச்) பேஸ் புறப்பட்டதோ, அந்த வழியின் நியூட்ரலிலேயே அது திரும்ப வேண்டும். தடப்பள்ளி வாய்க்காலில் பாய்ச்சிய தண்ணீரின் கழிவை அரக்கன்கோட்டை வாய்க்காலில் விட்டுக் கணக்குக் கேட்க முடியாது. மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என்று ஆர்.சி.சி.பி.யைப் பிரித்து வைத்த வீட்டில் கடன் நியூட்ரல் போட்டால், சுவிட்சைத் தட்டியவுடன் ஒன்றோ இரண்டுமோ விழும். ஒரே ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் எதுவும் விழாது. அது இன்னும் மோசம். பின்னொரு நாள் யாரோ ஒருவர் ஒரு எம்.சி.பி.யை அணைத்துவிட்டு அந்த நியூட்ரலைக் கழற்றுவார். அடுத்த வழியின் சாமான் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், கழற்றிய முனை அந்தச் சாமான் வழியாக 230 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். கறுப்பு வயர்தானே என்று பிடித்திருப்பார்.

இதோடு நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு: இன்வெர்ட்டர். நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த 2012 காலத்தில் கொங்குப் பகுதியில் நடுத்தர வீடுகள் பலவற்றில் இன்வெர்ட்டர் ஏறிவிட்டது. அவசரத்தில் செய்த வேலை அது. விளக்கு, மின்விசிறிகளின் பேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டருக்குக் கொடுத்துவிட்டு, நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். பிளக் பாயிண்ட்கள் இன்வெர்ட்டருக்குப் போகாமல் பழையபடி மெயினிலேயே இருக்கும். உங்கள் கதவோரச் சுவிட்ச் விளக்குச் சுவிட்ச் என்பதால், அது இன்வெர்ட்டர் வழியில் இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பேஸைக் கொண்டுபோய் எதிர்ச்சுவர் சாக்கெட்டில் கொடுத்தால், மின்சாரம் நின்ற நேரத்தில் யாரோ அதில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகுவார்கள். இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணையும். டி.வி.யும் எல்.இ.டி. விளக்கும் மட்டும் என்றால் இது ஒரு வசதிதான், குற்றம் சொல்ல மாட்டேன்.

இன்வெர்ட்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் கையால் கற்றது. ஊத்துக்குளி அருகே தோட்டத்துச் சாளை ஒன்றில் வேலை. மெயினை அணைத்தேன், பியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், போர்டைத் திறந்து கையை விட்டேன். சுவரோடு சேர்த்து அடித்தது. அடுத்த அறையில் கட்டிலுக்கு அடியில் இன்வெர்ட்டர் இருந்தது எனக்குத் தெரியாது. மெயினை நான் அணைத்ததை அது மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு, விளக்கு வழி முழுவதற்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுப் பெரியவர் ஓடிவந்து, "ஏன் தம்பி, மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்ததே, பார்க்கவில்லையா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. இன்று வரைக்கும் மெயினை அணைத்ததும் முதலில் மேலே விசிறியைப் பார்ப்பேன்.

வயரின் கனத்துக்கு வருகிறேன். விளக்கு வழிக்கு இப்போது 1.5 சதுர மில்லிமீட்டர் போடுகிறோம். பழைய வீடுகளில் 1 அல்லது, கடைக்காரர்கள் 1/18 என்று சொல்லும் ஒற்றைக் கம்பி இருக்கும். அது ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். சில வீடுகளில் செம்பே இருக்காது, அலுமினியம் இருக்கும். அதோடு செம்பை நேராக முறுக்கி இணைத்தால் நாளடைவில் இணைப்பு தளர்ந்து சூடாகும். அலுமினியம் என்று தெரிந்தால் இந்த வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, முழு வழியையும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். சாதாரண விளக்குச் சுவிட்சும் சின்ன சாக்கெட்டும் 6 ஆம்பியருக்கானவை. 230-ஐ 6-ஆல் பெருக்கினால் 1380 வாட், அதுதான் எல்லை. நிற்கும் விளக்கு, டி.வி., செட்டாப் பாக்ஸ், கைப்பேசி சார்ஜர் எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டைத் தாண்டுவது கடினம். கோவையின் புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டரைக்கூட இதில் ஓட்டலாம். ஆனால் தண்ணீரில் போடும் 1500 வாட் ஹீட்டர் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் என்று ஒன்று சுவரில் இருந்தால் அதில் எதைச் சொருகுவார்கள் என்று வைத்தவரால் தீர்மானிக்க முடியாது. மார்கழியில் விருந்தாளியாக வந்தவர் ராடைத்தான் சொருகுவார்.

அப்படி நடந்த இடத்தைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். கருவாடு சுட்டது போன்ற ஒரு வாடை வரும். சூடான பிளாஸ்டிக்கின் வாடை அது. வீட்டுக்காரர்கள் பல்லி செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். தட்டைக் கழற்றினால், ஒரு திருகைச் சுற்றி மட்டும் டீக்கறை நிறத்தில் வளையம், அதில் மாட்டிய வயரின் தோல் ஒரு அங்குலத்துக்கு இறுகி முறுமுறுப்பாகியிருக்கும், வளைத்தால் உதிரும். இதற்கு முன்பே எம்.சி.பி. சில முறை விழுந்திருக்கும். தொல்லையாக இருக்கிறது என்று 6 ஆம்பியரை எடுத்துவிட்டு 16 போட்டிருப்பார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை; அதைப் பெரிதாக்கினால் அடுத்து விழ வேண்டியது வயர்தான்.

இவ்வளவையும் வைத்து உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இருக்கும் இரண்டு பிளக் பாயிண்டுகளைத் தொட வேண்டாம். அவை அவற்றின் சுவிட்சோடு அப்படியே இருக்கட்டும். அவற்றின் அருகில் புதிதாக ஒரே ஒரு 6 ஆம்பியர் மூன்று துளை சாக்கெட்டை வையுங்கள், நிற்கும் விளக்குக்கு மட்டும். கூரை விளக்குக்குப் போகும் ரிட்டர்னையும் அதே விளக்கின் நியூட்ரலையும் இந்தப் புதிய சாக்கெட்டுக்குத் திருப்புங்கள்; 1.5 வயர் போதும். இரண்டும் ஒரே வழியைச் சேர்ந்தவை என்பதால் நியூட்ரல் சண்டை வராது. பச்சை வயரை மட்டும் அருகில் உள்ள போர்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் நின்று பார்க்கும்போது பெரிய துளை மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். கூரையில் விடுபட்ட முனைகளை டேப் சுற்றி விட்டுவிடாமல் கனெக்டரில் முடித்து மூடியிடுங்கள். சாக்கெட்டின் தட்டில் "கதவுச் சுவிட்ச்" என்று ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து விளக்கு கெட்டுவிட்டது என்று நீங்களே கடைக்குத் தூக்கிப் போகாமல் இருப்பதற்காக.

டி.வி.யை இதில் சேர்க்க வேண்டாம் என்பது என் விருப்பம் மட்டுமே; சேர்த்தால் எரிந்துவிடாது. அதற்கு ரிமோட் இருக்கிறது, செட்டாப் பாக்ஸ் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் பிரிட்ஜையும் இணைய மோடத்தையும் மீன் தொட்டியையும் வாசல் சுவிட்சில் கட்டவே கூடாது. ஊருக்குக் கிளம்பும்போது கதவோரம் இருக்கும் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுப் போவதுதான் நல்ல பழக்கம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்து பால் பாத்திரத்தைத் திறக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கனமான சாமானைத்தான் கதவோரத்திலிருந்து இயக்க வேண்டும் என்றால், அதற்கும் வழி உண்டு. உங்கள் பகுதியில் அதை விளக்குவது எளிது. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் மின்சாரம் பொத்தான் வழியாகப் போவதில்லை. பொத்தான் உள்ளே இருக்கும் காயிலைத் தூண்டுகிறது, காயில் காண்டாக்டரை (கனத்த மின்சாரத்துக்கான சுவிட்சை) இழுக்கிறது, கனத்த மின்சாரம் காண்டாக்டர் வழியே போகிறது. வீட்டிலும் அப்படிச் சிறிய காண்டாக்டர் ஒன்றைப் பெட்டியில் வைத்து, கதவோரச் சுவிட்சை அதன் காயிலுக்கு மட்டும் கொடுக்கலாம். சாக்கெட்டுக்கு 16 ஆம்பியரும் 4 சதுர மில்லிமீட்டர் வயரும் தனி எம்.சி.பி.யும் போட வேண்டும். ஒரு விளக்குக்காக இதைச் செய்வது வாழைக்குலையை இறக்கக் கிரேன் கொண்டுவருவது போல.

சோதிப்பதைப் பற்றி ஒன்று. நியான் டெஸ்டர் பேஸைக் காட்டும், அவ்வளவுதான். சாக்கெட்டின் இரண்டு துளையிலும் எரிந்தால் இரண்டு பேஸ் வந்துவிட்டது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் நியூட்ரல் அறுந்து, போட்டிருக்கும் ஏதோ ஒரு சாமான் வழியாகப் பேஸ் திரும்பி வந்திருக்கும். எரியவில்லை என்பதை வைத்து வயர் செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். மின்சாரம் இருக்கும் இடத்தில் டெஸ்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு நீங்கள் தொட வேண்டிய இடத்தில் வையுங்கள், மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் வையுங்கள். கறுப்பு வயர் உண்மையிலேயே நியூட்ரலா, யாரோ எர்த்தைக் கறுப்பில் இழுத்துவிட்டார்களா என்று அறிய, அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டுப் பேஸுக்கும் அதற்கும் நடுவே பிடிக்கலாம். அது 0.26 ஆம்பியர் இழுக்கும். எர்த்தாக இருந்தால் ஆர்.சி.சி.பி. உடனே விழும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது, இரண்டிலும் பல்பு எரியும். அப்படியானால் சாக்கெட்டுக்கு முன் ஆர்.சி.சி.பி.யை வாங்குங்கள்.

நீங்களே செய்யலாமா என்ற கேள்விக்கு: இந்தப் பல்புச் சோதனை வரைக்கும் படிக்கும்போது எங்கேயாவது தடுமாறியிருந்தால், கம்பியாள் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டு வயர் இழுப்பது ஓடினால் அரை நாள் வேலை. பைப் அடைத்திருந்தால் சுவரைக் கொத்த வேண்டியிருக்கும், அதை இங்கிருந்து சொல்ல முடியாது. வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதற்குள் இரண்டு கேள்வி கேளுங்கள்: நியூட்ரலை எந்த வழியிலிருந்து எடுத்தீர்கள், எம்.சி.பி. எத்தனை ஆம்பியர். அதற்கு முன், மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, விசிறி நின்றதைப் பார்த்து, டெஸ்டரை மேலே சொன்னபடி மூன்று முறையும் வைத்துப் பார்த்தபிறகு (உங்கள் வீட்டில் எல்லாம் அணைந்திருப்பதால், மின்சாரம் உள்ள இடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிளக்), கதவோரத் தட்டை மட்டும் கழற்றி, எத்தனை வயர், என்ன நிறம், எத்தனை திருகு என்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். கூரை விளக்கின் மூடியைக் கழற்றி இன்னொரு படம். இரண்டையும் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.